ஒடிவதற்கு முன்

(பொதுமக்களுக்கான மருத்துவச் சொற்பொழிவு வரிசையில் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, கை கால் எலும்புகளுக்குப் பரவிய புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை. அழைப்பிதழில் இதைப் படித்ததும் இன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். அப்படியும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போகும் அறுவை சிகிச்சை புற்றுநோயைக் குணமாக்குவதில்லை. ஓரிரு விதிவிலக்குகள் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

"குணமாகாதுன்னா எதுக்கு டாக்டர் கத்தி வைக்கணும்? இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டுமே" என்று உறவினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தொடை எலும்பு ஒடிந்த ஒருவர் 'நிம்மதியாக' இருப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். படுக்கை விரிப்பை மாற்ற ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே அலறுவார். கழிப்பறைக்குப் போக முடியாது. சில வாரங்களில் படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். படுத்த படுக்கையாகிவிட்டவருக்குக் கீமோ கொடுக்கப் புற்றுநோய் மருத்துவரும் தயங்குவார். பல வீடுகளில் புற்றுநோயை முந்திக்கொண்டு இவைதான் ஆளைக் கொண்டுபோகின்றன. எழுந்து நடக்க வைப்பது, வலியைத் தீர்ப்பது, அடுத்த சிகிச்சைக்கு உடம்பைத் தயாராக வைப்பது: இவ்வளவுதான் இந்த அறுவை சிகிச்சையின் நோக்கம். இதில் கத்தி வைக்கும் நுட்பத்தைவிட, எந்தக் கட்டத்தில் வைக்கிறோம் என்பதே பெரிய விஷயம் என்பது என் கட்சி. இன்றைய பேச்சு அதைச் சுற்றித்தான்.

புற்றுநோய் ஏன் எலும்பைத் தேடிப் போகிறது? 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து 'லான்செட்' இதழில் எழுதினார். ரத்தம் எல்லா உறுப்புகளுக்கும்தான் போகிறது. மண்ணீரலுக்குத் தாராளமாகவே போகிறது. ஆனால் மண்ணீரலில் பரவல் அபூர்வமாகவும் கல்லீரலிலும் எலும்பிலும் அதிகமாகவும் இருந்தது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் பேஜட். நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்தும் அந்தக் கருத்து அசையவில்லை. அந்த மண்ணில் அப்படி என்ன இருக்கிறது என்பது மட்டும் இப்போது கொஞ்சம் விளங்கியிருக்கிறது.

எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்கள் ஒருபுறம், புதிதாகக் கட்டும் அணுக்கள் மறுபுறம் என்று நாள் முழுக்க வேலை நடக்கிறது. அங்கே வந்து இறங்கும் புற்றணுக்கள் தாமே எலும்பைத் தின்பதில்லை. சில வேதிப்பொருள்களைச் சுரந்து, கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு கரையும்போது அதற்குள் சேமிப்பில் இருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வருகின்றன. அவற்றை உண்டு கட்டி பெருக்கிறது, பெருத்த கட்டி இன்னும் தூண்டுகிறது. ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்காத சுழற்சி இது. புரோஸ்டேட் புற்றுநோயில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கும். எலும்பு கரைவதற்குப் பதில் தாறுமாறாகக் கட்டப்படும், எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று தெரியும். பார்த்தால் கெட்டியாக இருக்கிறதே என்று தோன்றும். அந்தக் கெட்டியை நம்பக்கூடாது. ஒழுங்கில்லாமல் கட்டியது, அதுவும் ஒடியும்.

மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய ஐந்து இடங்களில் தொடங்கும் புற்றுநோய்கள்தான் எலும்புக்கு அதிகம் போகின்றன. நம் ஊரில் மிகுதியாகக் காணும் வாய்ப் புற்றுநோயும் கருப்பைவாய்ப் புற்றுநோயும் கை கால் எலும்பை அவ்வளவாக நாடுவதில்லை. மைலோமா என்ற நோய் எலும்பு மஜ்ஜையிலேயே பிறப்பது. அது பரவல் ஆகாது, ஆனால் எலும்பை ஓட்டை போடும் விதத்தில் பங்காளி. அறுவை மேசையில் இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கையாளுகிறோம்.

பரவல் முதலில் முதுகெலும்பு, இடுப்பு, விலா என்று உடலின் நடுப்பகுதியில் உட்காரும். கை காலில் என்றால் முதலிடம் தொடை எலும்பின் மேல்பகுதிக்கு. அடுத்தது தோளுக்குக் கீழே உள்ள மேல்கை எலும்பு. வயது வந்தவர்களுக்குச் சிவப்பு மஜ்ஜை மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்தப் பகுதிகளில்தான். முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே பரவல் அபூர்வம். விரல் எலும்பில் வந்தால் நுரையீரலைச் சந்தேகப்படு என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

தொடை எலும்பின் மேல்பகுதி என்பது சாதாரண இடமல்ல. ஒற்றைக்காலில் எடையைத் தாங்கி அடுத்த அடி வைக்கும் அந்தக் கணத்தில் இடுப்பு மூட்டின்மேல் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு பாரம் ஏறுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒவ்வொரு அடிக்கும் 150 கிலோவைச் சுமக்கிறார். படி ஏறினால், தரையிலிருந்து எழுந்தால் இன்னும் கூடும். நம் வீடுகளில் தரையில் உட்கார்வது, குந்தி உட்காரும் கழிப்பறை எல்லாம் உண்டே, நினைவில் வையுங்கள்.

இப்போது வலியைப் பற்றி. இங்கேதான் காலம் வீணாகிறது.

எலும்புப் பரவலில் இரண்டு வகை வலி உண்டு. ஒன்று, இரவில் படுத்த பிறகு குடைவது, ஓய்வெடுத்தாலும் போகாதது. இது கட்டியின் வலி. இன்னொன்று, படுத்திருக்கும்போது சும்மா இருந்துவிட்டு, காலை ஊன்றியதும் சுரீரென்று பிடிப்பது. இது எலும்பின் வலி. பாரம் தாங்க முடியவில்லை என்று எலும்பு தரும் முன்னறிவிப்பு. இரண்டாவது வகையை நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம்.

ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? ஐந்து வருடத்துக்கு முன் மார்பகத்தில் ஆபரேஷன் ஆன ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 'சரியாப் போச்சு' என்று எல்லோரும் மறந்துவிட்டார்கள். தொடை வலி என்றால் வயசாச்சு, வாயு, மூட்டுத் தேய்மானம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்து நீவி விடுவார்கள். சிலர் புத்தூர் கட்டுக்கு வண்டி ஏறுவார்கள். கட்டுப் போடுபவர்களை நான் இங்கே பழிக்க வரவில்லை. நல்ல எலும்பு ஒடிந்தால் கட்டினாலும் கூடும், சும்மா விட்டாலும்கூடச் சில கூடும். புற்று அரித்த எலும்பு அந்தக் கணக்கில் வராது. அதை அழுத்தி நீவுவது வினையை விலை கொடுத்து வாங்குவது. புற்றுநோய் வந்து போன ஒருவருக்குக் கை காலில் சில வாரங்களாக விடாத வலி என்றால், எக்ஸ்ரே எடுக்கும் வரை அது வாயு அல்ல. அந்த எக்ஸ்ரேயும் வலிக்கும் இடத்தை மட்டும் காட்டினால் போதாது. தொடை வலி என்றால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழு எலும்பும் தெரிய வேண்டும். அதே எலும்பில் இன்னொரு ஓட்டை ஒளிந்திருக்கலாம். இடுப்பு மூட்டில் கோளாறு இருக்க, முழங்காலில் வலி தெரிவதும் உண்டு. முழங்காலை மட்டும் படமெடுத்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடும் ஆபத்து அதனால் வருகிறது.

எக்ஸ்ரேயில் ஓட்டை தெரிகிறது, எலும்பு இன்னும் ஒடியவில்லை. உடனே எலும்புக்குள் ராடு என்ற உலோகத் தண்டை வைப்பதா, கரண்ட் வைத்துப் பார்ப்பதா? கதிர்வீச்சு சிகிச்சையை நம் மக்கள் 'கரண்ட் வைக்கிறது' என்றுதானே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு நெடுநாள் ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். 1989இல் ஹில்டன் மிரெல்ஸ் என்ற மருத்துவர் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். கரண்ட் மட்டும் வைத்து, அறுவை செய்யாமல் விடப்பட்ட 78 எலும்புப் பரவல்களை எடுத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்குள் எவை ஒடிந்தன, எவை தாங்கின என்று பார்த்தார். 27 ஒடிந்திருந்தன, 51 தாங்கின. ஒடிந்தவற்றுக்கும் ஒடியாதவற்றுக்கும் என்ன வேறுபாடு என்று தேடி நான்கு அளவைகளை வகுத்தார். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண்.

கற்பனையாக ஒரு நோயாளியை வைத்து இதைப் போட்டுப் பார்ப்போம். 55 வயது அம்மா, மார்பகப் புற்றுநோய். பரவல் இருப்பது தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழே, இடுப்பு மூட்டை ஒட்டிய பகுதியில். கையில் என்றால் 1, காலில் என்றால் 2, இடுப்பை ஒட்டிய இந்தப் பகுதிக்கு மட்டும் 3. எனவே 3. அடுத்து, எலும்பு எப்படி மாறியிருக்கிறது? வெளுத்துக் கட்டியிருந்தால் 1, கலப்பாக இருந்தால் 2, கரைந்து கறுப்பாகத் தெரிந்தால் 3. அந்த அம்மாவுக்குக் கலப்பு என்று வைத்துக்கொள்வோம், 2. ஓட்டையின் அளவு எலும்பின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் 1, மூன்றில் இரண்டு வரை என்றால் 2, அதற்கு மேல் 3. இவருக்குப் பாதியளவு, ஆக 2. கடைசியாக வலி. லேசாக இருந்தால் 1, நடுத்தரம் என்றால் 2, ஊன்றினால் வலிக்கிறது என்றால் நேராக 3. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார், 3. கூட்டினால் 10.

மிரெல்ஸ் கணக்கில் 7 வரை என்றால் கரண்ட் வைத்துக் கவனித்து வரலாம். 8 என்றால் ஒடியும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம். 9க்கு அது 33 சதவீதம். 9 அல்லது அதற்கு மேல் என்றால் காத்திருக்கக் கூடாது. நம் அம்மாவுக்கு 10. அன்றைக்கே ஊன்றுகோல் கொடுத்து அல்லது படுக்க வைத்து, அந்த வாரத்திலேயே அறுவைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்த முறையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 78 என்பது சின்ன எண்ணிக்கை. ஒடியப் போகும் எலும்பை இது பெரும்பாலும் தவறவிடாது, ஆனால் ஒடியாத எலும்பையும் 'ஒடியும்' என்று சொல்லிவிடும் பழக்கம் இதற்கு உண்டு. நெதர்லாந்தில் எலும்புப் பரவல் பற்றி நடந்த பெரிய ஆய்வில், தொடை எலும்பின் வெளிச்சுவர் நீளவாக்கில் 30 மில்லிமீட்டருக்கு மேல் அரிக்கப்பட்டிருந்தால் ஆபத்து என்று கண்டார்கள். இப்போது சி.டி. ஸ்கேனை வைத்துக் கணினியில் எலும்பின் வலிமையைக் கணக்கிடும் முறைகளும் வந்துவிட்டன. ஆனாலும் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் ஒரு எக்ஸ்ரேயையும் நோயாளியின் வாய்மொழியையும் மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் மருத்துவருக்கு மிரெல்ஸ் அளவுக்குக் கைகொடுக்கும் கருவி இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். செலவில்லாத கருவி வேறு.

ஒடிந்த பிறகு வருபவருக்கும் ஒடியாமல் வருபவருக்கும் உள்ள வேறுபாட்டை அறுவை அரங்கில் நேரே பார்க்கலாம். ஒடியாத எலும்பில் ராடு செருகுவது குறைந்த நேர வேலை, ரத்தப்போக்கு குறைவு, சில நாளில் வீட்டுக்குப் போகலாம். ஒடிந்த எலும்பில் ரத்தம் ஏற்கெனவே போயிருக்கும், நோயாளி வலியில் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் வந்திருப்பார், துண்டுகளைச் சேர்ப்பதே போராட்டம்.

சரி, முடிவெடுத்தாயிற்று. உடனே மேசைக்கா? இல்லை. இந்த இடத்தில் அவசரம் ஆபத்து.

முதலில், அந்த ஓட்டை உண்மையிலேயே பரவல்தானா? புற்றுநோய் வரலாறு உள்ளவருக்கு எலும்பில் ஒரே ஒரு இடத்தில் கட்டி இருந்தால், அது எலும்பிலேயே பிறந்த சார்கோமாவாக இருக்கலாம். பரவல் என்று ஊகித்து ராடு செருகினால், இடுப்பிலிருந்து முழங்கால் வரை எலும்பின் உட்குழாய் முழுக்க அந்தப் புற்றணுக்களை நாமே இழுத்துப் பூசிவிடுவோம். காலைக் காப்பாற்றிக் குணப்படுத்தியிருக்கக்கூடிய ஒருவருக்குக் காலையே எடுக்க நேரும். ஆகவே சந்தேகம் இருந்தால் முதலில் பயாப்சி, சதைத் துண்டின் பரிசோதனை முடிவு வந்த பிறகே ராடு. முன்பு புற்றுநோயே இல்லாதவர் எலும்பு ஓட்டையோடு வந்தால், மூலம் எங்கே என்று தேட வேண்டும். நெஞ்சு, வயிறு, இடுப்பு சி.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் கவனமான உடல் பரிசோதனையும் சேர்ந்தால் பெரும்பாலானவர்களிடம் மூலம் பிடிபட்டுவிடும்.

அடுத்து, சிறுநீரகமும் தைராய்டும். இவற்றின் பரவல் ரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டி. தெரியாமல் திறந்தால் ரத்தம் நிற்காது. அறுவைக்கு முந்தின நாள் தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை அடைத்துவிட வேண்டும். அடைத்த ஓரிரு நாளுக்குள் அறுவை முடிய வேண்டும். தள்ளிப்போட்டால் வேறு வழிகளில் ரத்தம் வரத் தொடங்கிவிடும்.

ரத்தத்தில் கால்சியம் பார்க்க வேண்டும். எலும்பு கரைந்து அது ஏறியிருக்கலாம். நோயாளிக்குத் தாகம், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு இருந்தால் மூளைக்குப் பரவிவிட்டதோ என்று வீட்டார் பதறுவார்கள். பல சமயம் அது கால்சியம்தான், மருந்தில் இறங்கிவிடும்.

இனி அறுவைக்குள் போவோம். இதன் வரலாறு எனக்குப் பிடித்தமான பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலும்பின் உட்குழாய்க்குள் நீளமான உலோகத் தண்டைச் செருகி முறிவைத் தாங்குவது என்பது ஜெர்மனியின் கீல் நகரத்தில் கெர்ஹார்ட் கூன்ட்ஷர் என்ற மருத்துவர் 1939இல் தொடங்கிவைத்தது. 1940இல் பெர்லினில் சக மருத்துவர்களிடம் அதைச் சொன்னபோது பெரிய வரவேற்பு இல்லை. போருக்குப் பின் ஜெர்மனியில் கைதிகளாக இருந்து திரும்பிய எதிர்தரப்பு வீரர்களை எக்ஸ்ரே எடுத்தபோதுதான், தொடைக்குள் இரும்புத் தண்டோடு இவர்கள் நடக்கிறார்களே என்று மற்ற நாட்டு மருத்துவர்கள் வியந்தார்கள். இன்றைக்கு விபத்தில் தொடை ஒடிந்த யாரைக் கேட்டாலும் 'ராடு வெச்சிருக்கு' என்பார்கள். அதே ராடுதான்.

ஆனால் விபத்து முறிவுக்கும் புற்றுநோய் முறிவுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. விபத்தில் ராடு தற்காலிகத் துணை. சில மாதத்தில் எலும்பு கூடிவிடும், பாரத்தை அது ஏற்றுக்கொள்ளும். புற்றுநோய் முறிவு கூடும் என்று எண்ணக் கூடாது. 1983இல் கெய்னர், புக்கர்ட் என்ற இருவர் 129 முறிவுகளைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வில், மொத்தத்தில் 35 சதவீதம்தான் கூடின. மைலோமாவில் மூன்றில் இரண்டு கூடின, நுரையீரல் புற்றுநோயில் ஒன்றுகூடக் கூடவில்லை. ஆக, ராடு வைத்தால் அது நோயாளியின் வாழ்நாள் முழுக்கத் தனியாகவே பாரம் சுமக்கும் என்று எண்ணித்தான் வைக்க வேண்டும். உலோகமும் களைத்துப் போகும். லட்சக்கணக்கான அடிகளுக்குப் பிறகு அதுவும் ஒடியும்.

அடுத்த சிக்கல், கரையான் அரித்த கட்டையில் திருகாணி பிடிக்காது. அதற்கு வழி செய்தது ஒரு வினோதமான பொருள். பல் மருத்துவர்கள் பயன்படுத்திவந்த அக்ரிலிக்கை, இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் செயற்கை இடுப்பு மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் சிமெண்டாகக் கையாண்டார். தூளையும் திரவத்தையும் குழைத்தால் பிசைந்த மாவு போலாகி, கால் மணி நேரத்துக்குள் சூடேறி இறுகிவிடும். 1970களில் அமெரிக்காவில் கெவின் ஹாரிங்டன் போன்றவர்கள் புற்றுநோய் முறிவில் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள். கட்டியைச் சுரண்டி எடுத்த குழியில் சிமெண்டை நிரப்பி, அதனோடு பிளேட்டையோ ராடையோ பிணைத்தார்கள். எலும்பு கூடக் காத்திருக்க வேண்டியதில்லை, மறுநாளே காலை ஊன்றலாம். நாட்கணக்கில் வாழ்க்கையை எண்ணுபவருக்கு மூன்று மாதம் படுக்கையில் இரு என்று சொல்வது கொடுமை அல்லவா? அந்தக் கொடுமையை ஒழித்தது இந்தச் சிமெண்ட். கரண்ட் வைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

எந்த இடத்தில் எந்த முறை? தொடை எலும்பின் தலையிலும் கழுத்திலும் பரவல் என்றால் ராடு வேலைக்காகாது. அந்தத் தலையை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைப்பதே சரி, நோயாளி சீக்கிரம் நடப்பார், மறு அறுவையும் குறைவு. கழுத்துக்குக் கீழே, நடுத்தண்டில் என்றால் நீளமான ராடு. அதன் மேல்முனையிலிருந்து கழுத்துக்குள் ஒரு ஸ்க்ரூ போகும், கீழே முழங்கால் வரை நீளும். இப்போது ஒரு ஓட்டைதானே, குட்டை ராடு போதாதா என்று கேட்கலாம். பின்னால் அதே எலும்பில் வேறிடத்தில் பரவல் வந்தால் அதையும் தாங்கட்டும் என்ற முன்ஜாக்கிரதை. அப்படிப் புதிதாக வருவது நாம் நினைத்த அளவு அடிக்கடி நடப்பதில்லை என்று அண்மைக் காலத்தில் சிலர் வாதாடுகிறார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

தொடை எலும்பின் மேல்பகுதி முழுக்க அரிக்கப்பட்டு, ராடைப் பிடித்துக்கொள்ள எலும்பே இல்லையென்றால் அந்த எலும்புத் துண்டையே எடுத்துவிட்டு மெகா புராஸ்தசிஸ் வைப்போம். மூட்டும் எலும்பின் ஒரு பகுதியும் சேர்ந்த பெரிய உலோக உறுப்பு அது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் நம்மவர்களுக்குக் கட்டுபடியாகாத விலை. சென்னையில் மயில்வாகனன் நடராஜன் குழுவினர் நோயாளிக்கேற்ப உள்நாட்டிலேயே இவற்றைச் செய்வித்துப் பல்லாண்டுகள் பயன்படுத்திக் காட்டினார்கள். முதன்மையாக எலும்பிலேயே பிறந்த கட்டிகளுக்காக நடந்த வேலை அது. பரவல் நோயாளிகளுக்கும் அதன் பயன் வந்து சேர்ந்தது.

கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல்கை எலும்பு எடை தாங்குவதில்லை, ஆகவே அவசரமில்லை என்று சொல்வது வழக்கம். ஆனால் காலிலும் பரவல் உள்ளவர் வாக்கரைப் பிடித்து நடக்கும்போது கையும் காலாகிவிடுகிறது. அவருக்குக் கைக்கும் கால் கணக்கே போட வேண்டும்.

அறுவையில் ஆபத்து இல்லையா? உண்டு. ராடு செருக எலும்பின் உட்குழாயைக் குடையும்போது உள்ளே அழுத்தம் ஏறி, கொழுப்பும் மஜ்ஜையும் கட்டித் துணுக்குகளும் ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். சிமெண்டை அழுத்தி நிரப்பும்போதும் ரத்த அழுத்தம் சடாரென்று விழலாம். மயக்க மருத்துவர் அந்தச் சில நிமிடங்கள் கண் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏற்கெனவே நுரையீரலில் பரவல் உள்ளவருக்கு இரண்டு தொடையையும் ஒரே நாளில் செய்யலாமா என்பது எளிதில் முடிவாகிற விஷயமல்ல. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு, ஆகவே கிருமித்தொற்றும் உண்டு. இதையெல்லாம் கையெழுத்து வாங்கும் தாளில் மட்டும் எழுதிவைக்காமல் வாயால் சொல்ல வேண்டும்.

அறுவைக்குப் பிறகு மறுநாளோ அதற்கு மறுநாளோ வாக்கரோடு நடை. தையல் ஆறியதும், சுமார் இரண்டு வாரம் கழித்து, அந்த எலும்பு முழுவதற்கும் கரண்ட். இதைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. "அதான் ராடு வெச்சாச்சே, வலியும் இல்லையே" என்று ஊருக்குப் போய்விடுவார்கள். ராடு எலும்பைத் தாங்குகிறது, கட்டியைத் தடுக்கவில்லை. கட்டி வளர்ந்துகொண்டே போனால் ராடு ஆடத் தொடங்கும். அறுவை இல்லாமல் வலிக்காக மட்டும் கரண்ட் வைப்பதென்றால் ஒரே நாளில், 8 கிரே என்ற ஒரே தவணையில் முடித்துவிடலாம், பல நாள் வைப்பதற்கு ஈடாக வலி குறையும் என்பது நிரூபணமான விஷயம். தூரத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வருபவருக்கு இது எவ்வளவு பெரிய சலுகை!

எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. ஜோலெட்ரானிக் அமிலம் ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவது. மாதம் ஒருமுறை கொடுத்ததற்கும் 12 வாரத்துக்கு ஒருமுறை கொடுத்ததற்கும் பலனில் பெரிய வேறுபாடில்லை என்று 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. செலவும் அலைச்சலும் குறைந்தன. தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இந்த மருந்து ஓடும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு புண்ணாகி ஆறாமல் போகலாம்.

இனி, யாருக்கு அறுவை வேண்டாம்? இன்னும் சில வாரங்களே என்ற நிலையில் இருப்பவருக்கு, மயக்க மருந்தைத் தாங்காதவருக்கு, வேண்டாம். வலி மருந்து, நரம்பை மரக்கச் செய்யும் ஊசி, மென்மையான தாங்கல், இவை போதும். ஆனால் எவ்வளவு காலம் இருப்பார் என்பதை யார் சொல்வது? மருத்துவர்களாகிய நாங்கள் இதைக் கணிப்பதில் மோசமானவர்கள், பெரும்பாலும் கூட்டியே சொல்கிறோம். அதனால்தான் ஜோனதன் ஃபோர்ஸ்பெர்க் குழுவினர் 2011இல் 'பாத்எஃப்எக்ஸ்' என்ற கணினிக் கணிப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். நோயின் வகை, ரத்தத்தில் ஹீமோகுளோபின், வேறு உறுப்புகளில் பரவல், நோயாளி நடமாடும் நிலை போன்றவற்றை உள்ளிட்டால், இத்தனை மாதம் இருக்க இத்தனை வாய்ப்பு என்று தரும். சில மாதமே என்றால் எளிய, சீக்கிரம் முடியும் அறுவை. ஆண்டுக்கணக்கில் என்றால் நீடித்து உழைக்கும் பெரிய அறுவை.

இந்தக் கணக்கையே இப்போது புதிய மருந்துகள் புரட்டிப் போட்டுவிட்டன. முன்பெல்லாம் ராடு நோயாளியைவிட ஒரு நாள் கூடுதலாக இருந்தால் போதும் என்பார்கள் எங்கள் ஆசிரியர்கள். இப்போது மார்பகப் புற்றுநோயில், சிறுநீரகப் புற்றுநோயில், சில வகை நுரையீரல் புற்றுநோயில்கூடப் பரவலுக்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். ராடுதான் முதலில் களைக்கிறது. மறு அறுவைக்கு வருபவர்களைப் பார்க்கும்போது, இது தோல்வியா, அவர் இவ்வளவு நாள் நடந்ததன் விலையா என்று எனக்குச் சொல்லத் தெரிவதில்லை. நான் இரண்டாவதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் விட்டுவைத்த விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. சிறுநீரகப் புற்றுநோய் நீங்கிச் சில ஆண்டுகள் கழித்து உடம்பில் ஒரே ஒரு எலும்பில், ஒரே ஒரு இடத்தில் மட்டும் பரவல் வந்தவர். இவருக்கு ராடு வைத்துச் சமாளிக்காமல், அந்தப் பகுதியைச் சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து அகற்றி மெகா புராஸ்தசிஸ் வைத்தால், நீண்ட நாள் நோயில்லாமல் வாழ வாய்ப்புண்டு. சிறுநீரகப் புற்றுநோய் கரண்டுக்கும் அவ்வளவாக மசியாது என்பது இன்னொரு காரணம். தைராய்டிலும் இப்படிச் சிலர் உண்டு. எனவே 'பரவிவிட்டது' என்ற ஒரு சொல்லோடு எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. எங்கே, எத்தனை இடத்தில், எந்த மூலத்திலிருந்து என்று கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, உறவினர்களுக்கு. "பேஷண்ட்டுக்குச் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்று வாசலில் வைத்துக் கேட்டுக்கொள்கிறீர்கள். உங்கள் பாசம் புரிகிறது. ஆனால் காலை ஊன்றினால் வலிக்கிறதா என்பதை அவர்தான் எனக்குச் சொல்ல வேண்டும். மிரெல்ஸ் கணக்கில் மூன்று மதிப்பெண் அவர் வாயில் இருக்கிறது. என்ன நோய் என்றே தெரியாதவர் வீட்டாருக்கு எதற்குத் தொந்தரவு என்று அந்த வலியை மறைப்பார், பாத்ரூமில் கால் மடங்கி விழும் வரை மறைப்பார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்களானால் எங்களைக் கூப்பிடுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், சேர்ந்தே சொல்வோம்.

அரங்கத்தார் மணி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கேள்விகளைத் தாளில் எழுதி அனுப்புங்கள். எக்ஸ்ரே கொண்டுவந்திருப்பவர்கள் உறையோடு முன்வரிசைக்கு வாருங்கள், வெளிச்சத்தில் பார்க்கலாம்.